நடு நிரை

அன்றைக்கும் ஜெயந்தினிக்கு நடு நிரைதான் கிடைத்தது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கொரு தேயிலை நிரை பிரித்துக் கொடுப்பது மாரிசாமி கங்காணியின் வேலை. நடு நிரைக்குப் பின்னால்தான் அவர் நிற்பார். ஒரே பெண்ணைத் தொடர்ந்து அங்கே போட்டால், மடுல்சீமைப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அடுத்த நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த லெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயந்தினி அவளுடைய அண்ணன் மகள். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். வருகிற தையில் கல்யாணம். இந்த நேரத்தில் ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், பசறை மாப்பிள்ளை வீட்டார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஜெயந்தினிக்கு அந்தக் கவலையே இல்லை. கூடப் படித்த ஷிப்னா பதுளையிலிருந்து கொடுத்தனுப்பிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் மூழ்கிக் கிடந்தாள். கறுப்பு அட்டை, அதில் ஒரு முள் கிரீடம். இரவில் லயத்து வீட்டில் படித்ததை மலையில் வந்து கொட்டுவாள்.

"அப்புறம் என்னடி ஆச்சு?" என்றாள் லெட்சுமி. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கதையை விட முடியுமா?

"அந்த இளவரசன் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போறான் அத்த. கீழ பூரா காரும் பஸ்ஸும் ஓடுது. யாரு கண்ணுக்கும் இவங்க தெரிய மாட்டாங்க."

"அவன் பேயா, சாமியா? அதைச் சொல்லு மொதல்ல."

"ரெண்டும் இல்ல. அது ஒரு மாயக் கூட்டம். மனுசங்களுக்கு நடுவுல மறைஞ்சு வாழுது. இரும்பு பட்டாப் பொசுங்கிரும். ஆனா நம்ம பேரை நம்ம வாயாலயே வாங்கிட்டான்னா முடிஞ்சுச்சு. காலம் பூரா அவனுக்கு அடிமை."

"இவ்வளவு மோசமானவன் மேலயா அவளுக்கு ஆசை?"

"அதானே கதையே."

சுற்றி இருந்த நிரைகளில் எல்லாம் சிரிப்பு. ஜெயந்தினி குரலைத் தாழ்த்தினாள். "அவன் மெதுவா அவ கன்னத்தைப் புடிச்சு..."

கங்காணி முன்னால் நகர்ந்து வந்தார்.

லெட்சுமி இதைக் கொஞ்ச நாளாகவே கவனித்து வருகிறாள். பெண் குரலைத் தாழ்த்தினால் போதும், மனிதர் கிட்டே வந்துவிடுவார். தலை நரைத்த வயதில் இது என்ன கேடு?

"என்ன கங்காணி, என்னா வேணும்?"

"முத்தல் இலையாப் பறிக்கிறீங்களோன்னு பாக்க வந்தேன்," என்றார். பார்வை மட்டும் கூடைப் பக்கம் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. இளவரசன் 'உன் பேர் என்ன?' என்று கேட்ட இடத்தில் கதை அறுந்தது. எல்லோரும் மரத்தடிக்கு ஓடினார்கள். கங்காணி மட்டும் நனைந்தபடி ஜெயந்தினியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இனிப் பொறுக்க முடியாது என்று லெட்சுமி முடிவு செய்தாள்.

தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னால் தோட்டம் முழுக்கப் பரவும், கெடுவது பெண்ணின் பெயர்தான். கங்காணியின் சம்சாரம் செவனம்மாவிடம் சொல்லிவிடலாம். போன வருசம் மலைச்சரிவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள் அவள். பாவம்தான். அதற்காக அண்ணன் மகளை விட்டுவிட முடியுமா?

வேலை முடிந்ததும் மேல் லயத்துக்கு ஏறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து செவனம்மாவைக் கொண்டுவந்த அன்று வந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை என்பது வாசலில் நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கங்காணி வீட்டுக்கு வந்த கையோடு கடைக்குப் போயிருந்தார். கட்டிலில் செவனம்மா மட்டும் இருந்தாள்.

"வா லெட்சுமி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அக்கா, உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"அதை அப்புறம் சொல்லு. இரும்பு பட்டா அவன் பொசுங்கிருவான்ல? பெறகு எப்படி ரயில்ல போறான்?"

"கையுறை போட்டிருக்கான்க்கா." தன்னை அறியாமல் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள் லெட்சுமி.

"பாத்தியா, இந்த மனுசன் அதைச் சொல்லவே இல்ல. சுவத்தைப் பாத்துக்கிட்டே எவ்வளவு நாள்தான் கெடக்குறது, சொல்லு. ஒருத்தரும் எட்டிப் பாக்குறதில்ல. மலையில என்னதான் பேசிக்கிறாங்கன்னு நான்தான் நச்சரிச்சேன். அந்தப் புள்ளைய நடு நிரையில போட்டு, பின்னால நின்னு கேட்டு வந்து சொல்றாரு. முக்கியமான எடத்துல அது குரலைக் கொறைச்சிருதாம். கிட்டப் போய்க் கேட்டாலும் எங்கிட்டச் சொல்ல வெக்கம். கட்டிப் புடிச்சாங்களான்னு கேட்டா, இருமிக்கிட்டே அடுப்படிக்குப் போயிர்றாரு."

செவனம்மா குலுங்கிச் சிரித்தாள். லெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு அது முடிச்சிருமான்னு மழையில நின்னு பாத்தாராம். கதையில அந்தப் பொண்ணு அவன்கிட்டப் பேரைச் சொல்லிட்டாளா?"

"எனக்கும் தெரியலக்கா."

"சரி விடு. இவரைப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே?"

லெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்குக் கதை சொல்லத் தெரியலக்கா. நாளையில இருந்து ஜெயந்தினிய நானே இங்க கூட்டிட்டு வர்றேன்."