ஐந்து இலக்கம்

திரையில் ஒன்றுக்கு அடுத்துப் பத்து வந்து நின்றது. பிறகு பதினொன்று, பன்னிரண்டு. இரண்டு எங்கோ கீழே கிடந்தது.

அவன் லேப்டாப்பை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் விழித்திருந்தாள். மிதுலா. ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் உதிர்ந்த தலையைத் தலையணையில் திருப்பினாள்.

“என்னப்பா பண்றீங்க?”

“ஞாயித்துக்கிழமை முகாமுக்கு நம்பர் ஸ்டிக்கர். வரிசை கலைஞ்சு போகுது.”

அவன் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஸ்டெம் செல் தானம் தருகிறவர்களுக்கான பதிவு முகாம். வருகிறவர்களின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள். யாராவது ஒருவருடையது மிதுலாவுக்குப் பொருந்த வேண்டும்.

அவனுடையது பொருந்தவில்லை. அவன் மனைவி சுபத்ராவுடையதும்.

எண்களை அச்சிடும் நிரலில், நான்கு இலக்கத்துக்கு 04 என்று சேர்த்தான்.

எண்களுக்கு முன்னால் பூஜ்யங்கள் வந்து உட்கார்ந்தன. 0001. 0002. 0003. வரிசை நேரானது.

“முன்னாடி எதுக்கு இத்தனை ஜீரோ?”

“இடம் பிடிச்சு வைக்குது கண்ணு. அப்புறமா வர்ற பெரிய நம்பருக்கு.”

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

“பத்தாயிரம் பேர்ல ஒருத்தர் கிடைச்சாலே பெருசுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?”

அன்று அவள் தூங்குவதாக நினைத்துத்தான் டாக்டர் பேசினார். அவனும் சுபத்ராவும்கூட அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

“அப்போ அஞ்சு போடுங்கப்பா.”

ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சுபத்ராவின் கை நின்றது.

அவன் 04-ஐ 05 ஆக்கினான்.

வியாழக்கிழமை காய்ச்சல் ஏறியது.

வெள்ளிக்கிழமை மதியம் மிதுலா போய்விட்டாள்.

சனிக்கிழமை மயானத்திலிருந்து வந்தவன், முகாமை நிறுத்தச் சொல்லப் போனை எடுத்தான்.

“நடக்கட்டும்,” என்றாள் சுபத்ரா. தலை இன்னும் ஈரமாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் ஆள் கிடைக்கலியே.”

அவன் போனைக் கீழே வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லை. போட்டிருந்த நாற்காலிகளில் பாதி காலி.

கூட வேலை பார்க்கும் தீபன் பிரிண்டரிலிருந்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்துப் பார்த்தான்.

“ரெண்டு இலக்கமே போதும்ணே. நம்பர் பெருசாத் தெரியும். மாத்திடவா?”

“வேணாம்.”

தீபன் அந்த ஸ்டிக்கரை அப்படியே எடுத்துக்கொண்டு போனான்.

மதியத்துக்கு மேல் நிமிர்ந்தபோது வரிசையின் கடைசியில் சுபத்ரா நின்றிருந்தாள்.

வருவதாக அவள் சொல்லவில்லை. தனியாக ஆட்டோ பிடித்து வந்திருக்க வேண்டும். புடவை மடிப்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவன் எழுந்தான். வேண்டாம் என்று கையசைத்தாள்.

அவள் முறை வந்தது. உட்கார்ந்தாள்.

பஞ்சுக்குச்சியோடு நின்ற பெண் சின்னவள். இங்கே யாரையும் அவளுக்குத் தெரியாது. சிரித்தபடி கேட்டாள்.

“எந்தக் குழந்தைக்காகம்மா வந்திருக்கீங்க?”

சுபத்ரா வாயைத் திறந்தாள்.

பதில் சொல்லவா, குச்சிக்காகவா என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. குச்சியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.