இடது பட்டி

தேங்காயை உடைக்கத் தவராசா கையை ஓங்கிய நேரம் பார்த்து ஜெயரூபி லொறிக்குக் குறுக்கே வந்து நின்றாள். நல்ல காரியத்தில் முழிக்க வேண்டிய முகமா இது? அவருக்கு உச்சி வரைக்கும் கொதித்தது.

லொறிக்குள் முந்நூறு புத்தகப் பைகள். நிலாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் போகிறவை. 'முதுகு நோகாத பை' என்று கடை வாசலில் பதாகையே கட்டியிருந்தார்.

ஜெயரூபி அவருடைய தையற்கூடத்தில் ஆறு வருடம் மெசின் மிதித்தவள். அந்தப் பைக்கு அளவுத்தாள் வரைந்தவளும் அவள்தான். அதை அவளுடைய மெசின் மேசை லாச்சியைத் திறந்து எடுத்துவிட்டு, துணி களவெடுத்தாள் என்று பழி சொல்லி அவளைத் துரத்தியவர் நம்முடைய தவராசா. அதில் மனுசனுக்கு ஒரு சொட்டு வெட்கம் கிடையாது.

"நேற்றுத்தான் பதாகையைக் கண்டனான். லொறியை அனுப்பாதேங்கோ முதலாளி."

"பேர் கேட்டு வந்தனியோ, காசு கேட்டு வந்தனியோ?"

"ரெண்டும் வேண்டாம். உள்ள வாங்கோ, தனியச் சொல்லுறன்."

"உன்னோட எனக்கென்ன தனிக்கதை? எல்லாருக்கும் முன்னால சொல்லு."

ஜெயரூபி வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மகள் கஜந்திக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம் விட்ட கையோடு, வெள்ளைச் சட்டையும் முதுகில் அதே மாதிரிப் பையுமாகத் தாயோடு வந்திருந்தாள். ஒரு பக்கம் சரிந்து நின்ற அவளைக் கண்டதும் தவராசாவின் எரிச்சல் அந்தப் பக்கம் திரும்பியது.

"முதல்ல உன்ர பிள்ளையை நேரா நிக்கச் சொல்லு. பெரியாக்களுக்கு முன்னால நிக்கிற நிலையைப் பார்."

பிள்ளையின் முகம் கறுத்தது. ஜெயரூபியின் குரலில் இருந்த பணிவும் அதோடு போயிற்று.

"பட்டியை இழுத்துக் குறைக்கிற வளையம் வச்சனீங்களோ?"

"ஏன் வைக்கிறன்? வளையம் இருந்தாப் பட்டி இளகிப் பை குண்டி வரைக்கும் இறங்கிப்போடும் எண்டு நீதானே தாளில எழுதி வச்சனி."

வாய் தவறி வந்துவிட்டது. வந்தால் வரட்டும், இவள் என்ன கிழிக்கப் போகிறாள்?

"அப்ப இடது பட்டி?"

"அதுவும் தாளில கிடந்தபடிதான். வலதை விட ஒரு அங்குலம் நீளம். போட்டுப் பார்த்த பெடியன் ஒருத்தன் சரியுது எண்டான், பழகினாச் சரிவரும் எண்டு சொல்லிப்போட்டன். உன்ர ரகசியமே அதுதானே? பதாகையிலயும் 'விஞ்ஞான முறைப்படி' எண்டு போட்டிருக்கிறன், வாசிக்கேல்லையோ?"

"முந்நூறும் அப்பிடியோ?"

"முந்நூறும்தான். ஒரு நூல் மாறேல்லை. ஏலுமெண்டா வழக்குப் போடு."

ஜெயரூபி தலையில் கை வைத்துக்கொண்டாள். தோற்றவள் வேறு என்ன செய்வாள் என்று நினைத்த தவராசா, சாரதிக்குத் தலையாட்டிவிட்டுத் தேங்காயை மறுபடி ஓங்கினார்.

கஜந்தி முன்னுக்கு வந்தாள். தாய் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. பையைக் கழற்றி அவருடைய காலடியில் வைத்துவிட்டு, அவர் பார்க்கும்படி நிமிர்ந்து நின்றாள்.

நிமிர்ந்த பிறகும் அவளுடைய வலது தோள் இறங்கியே கிடந்தது.

"நான் நேராத்தான் நிக்கிறன், மாமா. என்ர முதுகெலும்பு வளைவு. அந்த அளவு எனக்கு மட்டுந்தான் சரிவரும்."