முதலில் கேட்டவள்

என் வீட்டுக்காரர் நீளத் திருப்புளியின் நுனியை இஞ்சின் மூடிமேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

நான் எங்கள் வாடகைக் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

டக் டக் டக் டக்.

"மூணாவது டேப்பட்தான் தட்டுது" என்றார்.

மெக்கானிக் பொன்பாண்டிக்குச் சிரிப்பு. "மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடுன வண்டிய வாய மூடச் சொல்லுதீக, மதினி. அண்ணாச்சி வாயவே உங்களால மூட முடியல."

"அவ ஆசைப்பட்டுட்டா. விடுப்பா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

ஆசை இல்லை அது.

ஒரு மாதத்துக்கு முன்பு ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் பள்ளிக்கூடத் தெருவுக்குப் போயிருந்தேன். சந்தனமாரியின் தையல் கடை. கைகளை விரித்தபடி நின்றேன். அவள் உதட்டிடுக்கில் குண்டூசிகளுடன் என் தோளை அளந்துகொண்டிருந்தாள்.

அளப்பதை நிறுத்தினாள். குண்டூசிகளை எடுத்தாள்.

"அண்ணாச்சி வண்டி வருது, மதினி."

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

தெருவில் ஒரு சைக்கிள் போனது. எதிர்க்கடையில் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். அதன் பிறகுதான், வெகு தூரத்தில், அந்த டக் டக் என் காதுக்கு எட்டியது.

ஆறு வருடமாக, அது தெருமுனையில் திரும்பும்போதே எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறவள் நான்.

அவர் கடையைக் கடந்து போனார். ஹாரன் அடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. சவாரி முடிந்து வீட்டுக்கு வர அது ஒன்றுதான் வழி. அவளும் வாசலுக்குப் போகவில்லை. நாடாவை மறுபடியும் என் தோளில் வைத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது.

மறுவாரம் வேண்டாத திருத்தம் ஒன்றைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்தே அவள் தலையைத் தூக்கினாள்.

"உங்க டமார வண்டி வந்துட்டுல்லா" என்று சிரித்தாள்.

அண்ணாச்சி என்றுதான் சொல்கிறாள். ஆனால் எங்கள் ஊரில் மளிகைக் கடைக்காரரும் அண்ணாச்சி, பஸ் கண்டக்டரும் அண்ணாச்சி. அந்தச் சொல்லை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும்.

அவளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தத்தைப் பற்றித்தான் சொன்னேன். தெருவே சிரிக்கிறது என்றேன். மானம் போகிறது என்றேன். தினமும் சொன்னேன்.

அவர் திருப்புளியில் காது வைத்துக் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஆயிலை இறக்கினார்கள். கரிக்கூழாக வந்தது. உள்ளே கழுவிப் புது ஆயில் ஊற்றினார்கள். இந்த வண்டியில் வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பட்டில் முடுக்குவதற்குத் திருகு எதுவும் கிடையாதாம். ஆயில் தானாக உள்ளே ஏற வேண்டுமாம்.

"தவிச்ச வாய், மதினி. அதான் கத்துது" என்றார் பொன்பாண்டி. "கால எடுக்காம மிதிச்சுக்கிட்டே இருங்க."

அரை மணி நேரம் மிதித்தேன். கால் மரத்தது. எடுக்கவில்லை.

சத்தம் மெலிந்தது. விட்டு விட்டுக் கேட்டது.

நின்றது.

அவர் வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"கேட்டுச்சா?"

"இல்ல."

சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். இனி அவள் தலையைத் தூக்க வேண்டியதில்லை என்று சிரித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன்.

வண்டி நின்றிருந்தது. அவர் இருக்கையில் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வண்டிக் கதவில் கை வைத்த பிறகுதான் இஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

மாரடைப்பு என்றார்கள். வீட்டுக்கு எப்போது வந்தார் என்று டாக்டர் கேட்டார்.

"இப்பத்தான்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அவர் வந்தால் எனக்குக் கேட்கும் என்பது ஆறு வருடப் பழக்கம். நானே நிறுத்திய சத்தத்தை நம்பி அப்படிச் சொன்னேன்.

பதினாறாம் நாள் கழிந்த மறுநாள் சந்தனமாரி வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள். கண்கள் எவ்வளவு வீங்கியிருக்கின்றன என்று பார்த்தேன். என் கண்களைவிட அதிகமா என்று பார்த்தேன்.

"அன்னைக்கும் நாலு பத்துக்கு வண்டி போச்சு, மதினி" என்றாள். "பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைக போட்ட கூச்சல்ல ஒண்ணும் கேக்காது. டேப்பட் சத்தமும் இல்ல. இருந்தாலும் தலையத் தூக்கிட்டேன்."

அவளுக்குக் கேட்டிருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது அதுதான். அது ஒன்றுதான். எப்படிடி கேட்டது என்று அவள் தோளைப் பிடித்து உலுக்க நினைத்தேன்.

மற்றது பிறகு வந்தது. அவள் எழுந்து போய், தெருமுனையில் திரும்பி, மறைந்த பிறகு. அவள் கேட்டது நாலு பத்துக்கு, நான் கதவைத் திறந்தது ஐந்து மணிக்கு.

வண்டியை விற்றுவிட்டேன். பள்ளிக்கூடத் தெருவில் புது ரோடு போட்டுவிட்டார்கள். தையல் கடைக்குப் பக்கத்தில் இரண்டு கடைகள் கூடியிருக்கின்றன.

அங்கிருந்து எங்கள் வாசலுக்குக் காரில் இன்றும் மூன்று நிமிடம்தான்.