முழு முட்டை

முட்டை இன்னும் சுட்டது.

அவள் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டாள்.

இந்த வீட்டின் சூட்டை அவள் கைகள் அறியும். நாக்கு அறியாது. எல்லோரும் எழுந்து போன பிறகு, ஆறிய சோற்றைக் குழம்புச் சட்டியில் போட்டு வழித்துப் பிசைவதுதான் அவள் சாப்பாடு.

இப்போது கொரோனா. உள்ளறையில் அவள் மட்டும். கணவன் பொன்னுச்சாமி சமைக்கிறான். தட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்கிறான்.

முதல் தட்டு அவளுக்கு.

எழுந்து நின்றால் கண் இருட்டியது. உடம்பில் ரத்தமே இல்லை, நோயை விட அதுதான் பயம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஆனாலும் நேற்று பழக்கம் விடவில்லை. சேலையிலிருந்து ஒரு நூலை உருவி முட்டையை இரண்டாக அறுத்தாள். பாதியைத் தட்டிலேயே வைத்து வெளியே தள்ளினாள். மகள் இலக்கியாவுக்கு மஞ்சள் கரு என்றால் உயிர்.

கதவுக்கு அப்பால் மகள் கத்தினாள்.

“ஏம்மா, கூறு இருக்கா உனக்கு? நீ தொட்டத நான் திங்கவா? அப்பா பிளீச்சிங் பவுடரப் போட்டுக் குப்பையில கொட்டிருச்சு!”

வீணாய்ப் போன அந்தப் பாதிக்காக வெகுநேரம் மனது அடித்துக்கொண்டது.

இன்றும் விரல்கள் முந்தானையில் நூலைத் தேடின.

நின்றன.

இந்த அறைக்குள் வந்தது வேறு யாருக்கும் ஆகாது.

யாருக்கும்.

அவள் கடித்தாள்.

வெள்ளை வழுக்கி விலகியது. உள்ளே மஞ்சள், மாவு மாவாக, நடுவில் மட்டும் லேசான ஈரத்துடன். ஆவி மூக்கில் ஏறியது. கரு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் கரைந்தது.

பொன்னுச்சாமி உப்புப் போட மறந்திருந்தான். அதுவும் ருசித்தது.

எத்தனை முட்டைகளை உரித்திருப்பாள்! ஒன்றுகூட இதை அவளிடம் சொல்லவில்லையே.

கண்களை மூடிக்கொண்டாள். உடம்புக்குள் எங்கோ, வெகு ஆழத்தில், யாரோ எழுந்து உட்காருவது போலிருந்தது.

விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள்.

தட்டை எடுக்க வந்தவனின் காலடி வாசலில் நின்றது.

இந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அவள் யாரிடமும் கேட்டதில்லை. அது இப்போது தொண்டை வரை வந்திருந்தது.

“ஏங்க… இன்னொன்னு இருக்கா?”



கதவுக்கு அப்பாலிருந்து மகளின் குரல், மிக மெதுவாக.

“அப்பா… அம்மா கேக்குதுப்பா.”