செல்வியின் ரிப்போர்ட்

"இன்னொரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லுங்க டாக்டர். ஆள் மாறிப் போயிருக்கப் போவுது."

தைராய்டை எடுத்த நாளிலிருந்து பூலோகத்துக்குக் குரல் கம்மிவிட்டது. டாக்டர் வேங்கடசுப்ரமணியன் மேஜை மேல் குனிந்து கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆளெல்லாம் மாறலை. இசக்கிசெல்வி, இருபத்திரண்டு வயசு, தாராவி. உங்களுக்கு வந்தது பரம்பரையா இறங்கற கேன்சர்னு சொன்னேனோல்லியோ? பிள்ளைக்கு அது வர்றதும் வராததும் பாதிக்குப் பாதி. பூவா தலையா போடற மாதிரி. உங்க பொண்ணுக்கு இறங்கலை. அவ கழுத்துல கத்தி வைக்க வேண்டாம், ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம்."

அம்மா முத்துமாரியின் தோளில் சாய்ந்து தேம்பினாள் செல்வி. ஐரோலி கால் சென்டரில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிற பெண். டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்ததிலிருந்து இந்த மூன்று வாரமாகக் கழுத்தைத் தடவித் தடவி, இல்லாத கட்டியைத் தேடியே துரும்பாக இளைத்திருந்தாள். முத்துமாரிக்கும் சோறு இறங்கவில்லை. ஒரே பெண்ணாயிற்றே.

"டெஸ்ட்டத் திரும்ப ஒருக்க எடுக்க முடியுமா?" என்றார் பூலோகம்.

"அவசியமே இல்லை. லேப்ல ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் அனுப்பியிருக்கா."

பூலோகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எத்தனையோ பேரின் அழுகையைப் பார்த்த டாக்டருக்கே கண் கலங்கியது.

"இப்படி ஒரு அப்பா கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்மா," என்றார் செல்வியிடம்.

வெளியே வந்ததும், "செம்பூர் மாமாவுக்கு போன் போட்டுட்டு வாரேன். நீங்க உக்காருங்கப்பா," என்று செல்வி துள்ளிக்கொண்டு படியிறங்கினாள்.

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். முத்துமாரிக்குப் புருஷன் மேல் இன்றைக்கு வந்த பாசம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. மகளை மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சிய தகப்பன் இல்லை அவர். ஆசையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தனையையும் உள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார், பாவி மனுஷன்.

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணத் தொடைங்க. அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவல்லா. மூணு வாரமா நீங்க கோயில் கோயிலாப் போயி விழுந்து கும்புட்டது வீண் போவல."

"வீணாத்தான் போச்சு."

"என்ன சொல்லுதிய?"

"அவளுக்கு இருக்குன்னு வரணும்னுல்லா கும்புட்டேன்." பூலோகம் கையை உருவிக்கொண்டார். "நான் வீட்டுக்கு வராம அம்பர்நாத் கம்பெனியிலயே தங்கிக் கெடந்த வருசம் பொறந்தவ. என் நோவு அவளுக்கும் இருந்திருந்தா, எம் மவதான்னு நிம்மதியாச் செத்திருப்பேன்."