ஷார்ஜாவிலிருந்து எண்ணிக்கை

பகல் பதினொரு மணி வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடுகளாகப் போட்டிருக்கிறது. பூண்டுக் குழம்புச் சோற்றோடு உள்ளே வந்த ஜன்னத் பீவி நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறாள். நாற்பது நாளைக்குக் குனியக்கூடாது என்று அவள் காவல் காத்த மருமகள், வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்துப் பதினோரு நாளே ஆன நிலோஃபர், பாயில் மல்லாந்து கிடந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து எழுந்து சாய்கிறாள். பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில், ஷார்ஜாக் கட்டிலில் கால் நீட்டி, தொப்பைமேல் சிப்ஸ் பொட்டலத்தோடு மகன் ஜாபிர் எண்ணுகிறான். ஜிம்மில் சேர்ந்து ஒரு வருடமாகியும் அதன் வாசலை மிதிக்காதவன். "பதினெட்டு... மூச்ச இழுத்துப் பிடி நிலோ."

"ஆறு வாரத்துக்கு மெதுவா நடந்தாப் போதும்னு டாக்டரம்மா சொன்னாங்களேடா."

"உங்களுக்குத் தெரியாது உம்மா, இது சயின்ஸ். நான் லீவுல வர்றப்ப தொப்பை இருக்கக் கூடாது. பத்தொம்போது."

தொட்டிலில் குழந்தை சப்புக் கொட்டுகிறது. நிலோஃபரின் மஞ்சள் நைட்டியில், தையல் போட்ட இடத்தில், பொட்டளவு சிவப்பு உள்ளங்கை அளவுக்கு விரிகிறது. அவள் அதை இன்னும் பார்க்கவில்லை. "ஒண்ணுதான் மாமி பாக்கி," என்கிறாள். தட்டு எங்கே விழுந்தது என்று ஜன்னத் பீவிக்குத் தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டி அந்தச் சிவப்பின்மேல் இரண்டு கையாலும் அழுத்துகிறாள்.

"இருவது," என்கிறான் ஜாபிர், பொட்டலத்துக்குள் துழாவியபடி. "பாத்தீங்களா உம்மா, ஒண்ணும் ஆகலை."