பிடுங்காத ஆண் செடிகள்

“உன் தாடியைத் தொட்டுக் கேக்கறேன் அண்ணே, அந்த ஆண் செடிங்களை இன்னிக்கே பிடுங்கிடு. காத்து உன் வயல்லேருந்து நேரா என் வயலுக்குத்தான் வீசுது.”

வேலிக்கு அந்தப்புறம் நின்று மைமூன் கெஞ்சினான். புஷ்தாவுக்கு வயிறு குளிர்ந்தது.

இரண்டு வருடமாக எரிந்த வயிறு அது. கெத்தாமா மலையில் உரிமம் வாங்கிக் கஞ்சா போடுகிறவர்களில் மைமூன் மட்டும் சீமை விதை வாங்கினான். அவன் செடிகள் ஆள் உயரம். புஷ்தாவின் நாட்டுச் செடிகளோ மழையை நம்பி முழங்கால் உயரத்தில் நின்றன. விளைச்சலை வாங்கும் சங்கத்தின் தலைவர்கூட மைமூன் வீட்டில்தான் புதினாத் தேநீர் குடிக்கிறார்.

“என் வயல்ல அந்தத் தொல்லையே இல்ல. கம்பெனி விதை, மொத்தமும் பொட்டை. என்ன, வருஷா வருஷம் புதுசா வாங்கித் தொலைக்கணும்” என்றான் மைமூன்.

“பாக்கலாம்” என்றான் புஷ்தா.

வீட்டில் மனைவி யமீனா பதறினாள். “ஆணை விட்டு வெச்சா நம்ம செடியும்தாங்க விதை பிடிக்கும். பிசின் ஏறாது. சங்கத்துல பாதி விலைக்குக்கூட எடுக்க மாட்டாங்க. பொண்ணு கல்யாணம் என்னாகறது?”

“எனக்கு ஒரு கண்ணு போனாலும் சரி, அவனுக்கு ரெண்டும் போகணும்!”

ஒரு செடியைக்கூட அவன் தொடவில்லை. பத்து நாள் மகரந்தம் மஞ்சளாய்ப் பறந்தது.

அறுவடையில் புஷ்தாவின் சல்லடையில் விதைதான் மிஞ்சியது. பிசின்தூள் ஒரு பிடி தேறவில்லை. சங்கம் கையை விரித்தது. கல்யாணம் தள்ளிப்போனது. மைமூன் அழுவதைப் பார்த்தாவது மனம் ஆறட்டும் என்று அவனுடைய களத்துக்குப் போனான்.

மைமூன் சிரித்துக்கொண்டே மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

“என்னடா, எல்லாம் விதையாப் போச்சா?”

“மொத்தமும் விதைதாண்ணே! உன் செடியோட வறட்சியைத் தாக்குப்பிடிக்கற குணம், என் செடியோட உயரம், ரெண்டும் சேரும்னு சங்கத்துக்கு நம்பிக்கை. அடுத்த வருஷம் ஊருக்கே என் விதைதான். இனிமே கம்பெனி வாசலுக்கு யார் போறது?”

புஷ்தா மூட்டைக்குள் கைவிட்டு விதையை அள்ளிப் பார்த்தான். “அப்புறம் எதுக்குடா பிடுங்கு பிடுங்குன்னு உயிரை வாங்கினே?”

“விட்டு வைன்னு கேட்டிருந்தா, விட்டு வெச்சிருப்பியாண்ணே?”